கருத்துக்காகத் தனித்து நின்ற ராஜாஜி

பாலக்காட்டுக் கணவாயின் மேற்கே வாழும் தமிழர்களின் வாழ்க்கையைத் தொட்ட பல முடிவுகள் சென்னைக் கோட்டையில் எடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1956 நவம்பர் 1 வரை மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. பாலக்காட்டு மக்கள் சென்னை சட்டசபைக்கே தங்கள் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். பெருமாட்டியை உள்ளிட்ட சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. சில மைல் இடைவெளியில் இரண்டு அரசுகள், இரண்டு சட்டங்கள். அந்தச் சென்னை ராஜ்யத்தின் ஆட்சித் தலைமையை இருமுறை ஏற்றவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். ராஜாஜி என்றும் சி.ஆர். என்றும் நாடு முழுவதும் அறிந்த பெயர் அது.

இந்தியர்களில் முதலாவதாக கவர்னர் ஜெனரல் பதவியில் அமர்ந்தவர் அவர். அந்தப் பதவியில் கடைசியாக இருந்தவரும் அவரே. காந்திஜியின் சம்பந்தி. நேருவின் நெடுங்கால நண்பர். பின்னாளில் நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்து, எண்பது வயதில் புதுக்கட்சி தொடங்கியவரும் அவர்தான். பழமையைப் போற்றியவர் என்று சிலர் பாராட்டினார்கள். அதையே சொல்லிப் பலர் குறை கூறினார்கள். இரண்டுக்கும் அவர் வாழ்க்கையில் ஆதாரம் உண்டு.

தொரப்பள்ளியிலிருந்து சேலத்துக்கு

1878 டிசம்பர் 10ஆம் தேதி, அன்றைய சேலம் ஜில்லாவில் ஓசூருக்கு அருகே உள்ள தொரப்பள்ளி கிராமத்தில் ராஜாஜி பிறந்தார். இன்று அந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்யர் கிராம முன்சீப். தாயார் சிங்காரம்மாள். மூன்று பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் பயின்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

தொழில் வெகு விரைவில் செழித்தது. ஆனால் வீட்டில் துயரம் காத்திருந்தது. மனைவி அலமேலு மங்கம்மாள் ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு இளம் வயதிலேயே காலமானார். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயும் தந்தையுமாக இருந்து குழந்தைகளை வளர்த்தார்.

1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். அதே காலத்தில் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டுவதற்காக, கலைச்சொற்களை உருவாக்கும் சங்கம் ஒன்றை நண்பருடன் சேர்ந்து நடத்தினார். ரசாயன சாஸ்திரத்தைத் திண்ணைப் பேச்சுபோல் எளிய தமிழில் எழுதவும் செய்தார். பழமைவாதி என்று பெயர் எடுத்தவரின் இந்த முயற்சி பலருக்கும் தெரியாத ஒன்று.

காந்தி வழியில்

1919இல் காந்திஜி சென்னைக்கு வந்து ராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் நடத்தலாம் என்ற எண்ணம் அங்கேதான் காந்திஜிக்கு உதித்தது. விடியற்காலையில் அதை முதலில் கேட்டவர் ராஜாஜி. அதன்பின் வக்கீல் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர் சிறையில் மூன்று மாதம் இருந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பில், சுயராஜ்யம் வந்தவுடனே மக்களுக்கு நல்வாழ்வு வந்துவிடாது என்றும், தேர்தல்களும் ஊழலும் பணபலமும் திறமையற்ற நிர்வாகமும் நாட்டை வாட்டும் என்றும் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். சுதந்திரம் வருவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது அது.

1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். பஞ்சம் பிடித்த வறண்ட பிரதேசம் அது. கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் பணிகள். குடியின் கேட்டை எடுத்துச் சொல்வதற்கென்றே விமோசனம் என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி.

1930 ஏப்ரல் 13ஆம் தேதி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏறத்தாழ 150 மைல் தூரம். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். அப்படியும் வழியெங்கும் மக்கள் மறைவாகச் சோறு வைத்துவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி உப்பு எடுத்து ராஜாஜி கைதானார்.

மலபாரும் கோயில் கதவும்

கேரள மண்ணோடு அவருக்கிருந்த தொடர்பு கோயில் கதவுகளின் வழியாக வந்தது. 1924இல் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்கு ஈ.வெ. ராமசாமிப் பெரியார் புறப்பட்டபோது, தமிழ்நாடு காங்கிரஸ் பொறுப்பைத் தம் நண்பர் ராஜாஜியிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். 1931-32இல் குருவாயூர் சத்தியாக்கிரகம் நடந்தது. அன்றைய பொன்னானி தாலுகா சாதி இந்துக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, பெரும்பான்மையோர் கோயில் நுழைவுக்கு இணங்கினார்கள். ஆனாலும் கதவு திறக்கவில்லை.

1937இல் ராஜாஜி சென்னை ராஜதானியின் பிரதமரானார். மாகாண முதலமைச்சரை அப்போது பிரதமர் என்றே அழைத்தார்கள். 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸுக்கு 159 இடங்கள். பத்துப் பேர் கொண்ட மந்திரிசபையில் மலபாரிலிருந்து கோங்காட்டில் ராமன் மேனன் இடம்பெற்றார்.

1938இல் எம்.சி. ராஜா ராஜதானி முழுவதற்குமான ஆலயப் பிரவேச மசோதாவைக் கொண்டுவந்தார். ராஜாஜி அதை ஏற்கவில்லை. இது தாழ்த்தப்பட்ட மக்களிடையே பெரும் மனக்கசப்பை உண்டாக்கியது. அதற்குப் பதிலாக அவர் கொண்டுவந்தது மலபாருக்கு மட்டுமான ஆலயப் பிரவேசச் சட்டம். அந்தந்தப் பகுதி சாதி இந்து வாக்காளர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் சாரம். உரிமை ஒன்றை மற்றவர்களின் சம்மதத்துக்கு உட்படுத்துவதா என்று கேட்டவர்கள் உண்டு. ஊரின் மனத்தை மாற்றாமல் சட்டத்தை மட்டும் இயற்றினால் நிலைக்காது என்பது ராஜாஜியின் எண்ணம்.

ஆனால் காலம் கனிந்தபோது அவர் தயங்கவில்லை. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றதும், அதில் ஈடுபட்டவர்களை வழக்குகளிலிருந்து காப்பதற்காக விரைந்து சட்டம் செய்தார். திருவிதாங்கூரில் 1936இலேயே பிரகடனம் வந்துவிட்டது. குருவாயூர் திறந்தது 1947இல். சித்தூர்ப் பக்கத்து மக்களைப் பொறுத்தவரை, கொச்சி சமஸ்தானத்திலும் 1947இல்தான் வழி பிறந்தது. எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம் பிறந்தார் என்பதைப் பொறுத்து ஒருவர் எந்தக் கோயிலுக்குள் போகலாம் என்பது மாறிய விசித்திர காலம் அது.

மதுவிலக்கும் ஹிந்தியும்

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. கள், சாராய வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரியைப் புகுத்தினார். கடன் சுமையில் மூழ்கிய விவசாயிகளுக்கு 1938இல் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். மலபார் குடியானவர்களின் குறைகளை ஆராயக் குழு அமைத்ததும் அவருடைய மந்திரிசபையே.

அதே ஆட்சியில்தான் அவருக்கு ஆறாத வடுவைத் தந்த முடிவும் வந்தது. 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழ்நாடு கொதித்தது. பெரியார் சிறை சென்றார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோதே உயிர் நீத்தார்கள். யுத்தம் தொடங்கியதால் 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜிநாமா செய்தது. 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் கட்டாய ஹிந்தி உத்தரவை ரத்து செய்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து இதே ராஜாஜி, ஹிந்தியை மட்டும் நாட்டின் ஆட்சிமொழியாக்கினால் தெற்கு இரண்டாந்தரமாகிவிடும் என்று வாதாடி, ஆங்கிலம் நீடிக்க வேண்டுமென்று முன்னின்று போராடினார். எதிரிகள் இதை முரண்பாடு என்றார்கள். தேசம் அடிமைப்பட்டிருந்தபோது ஒற்றுமைக்காக ஹிந்தியை விரும்பியதும், சுதந்திர தேசத்தில் சமத்துவத்துக்காக அதை எதிர்த்ததும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல என்பது அவரை அறிந்தவர்களின் கருத்து.

தனிமைப்பட்ட ஆண்டுகள்

1942இல் நாடு முழுவதும் காந்திஜியின் பின்னே திரண்டது. ராஜாஜியோ வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை எதிர்த்தார். ஜப்பானியர் பர்மாவரை வந்துவிட்ட வேளையில் அராஜகத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்றும், முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு கண்டால்தான் சுதந்திரம் வரும் என்றும் கூறினார். பாகிஸ்தான் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளலாம் என்றதும் காங்கிரஸில் பெரும் புயல் வீசியது. கட்சியிலிருந்தும் சட்டசபையிலிருந்தும் விலகினார். போன இடமெல்லாம் கூச்சலும் எதிர்ப்பும் வரவேற்றன.

1944இல் அவர் வகுத்த திட்டத்தை அடிப்படையாக வைத்தே காந்திஜி ஜின்னாவுடன் பேசினார். பேச்சு பலிக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் பிரிவினை, ரத்த வெள்ளத்தினூடே வந்து சேர்ந்தது. ராஜாஜியின் யோசனை ஏற்கப்பட்டிருந்தால் அந்தச் சேதம் குறைந்திருக்குமா என்ற கேள்விக்கு இன்றுவரை சரித்திர ஆசிரியர்களிடையே ஒருமித்த பதில் இல்லை.

சுதந்திர நாளன்று மேற்கு வங்க கவர்னரானார். 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26இல் குடியரசு பிறக்கும்வரை கவர்னர் ஜெனரல். வைசிராய்கள் வாழ்ந்த மாளிகையில் கதராடையோடு எளிமையாகக் குடியிருந்தார். சர்தார் படேல் மறைவுக்குப்பின் மத்திய உள்துறை மந்திரியாகி, ஓராண்டுக்குள் அதையும் விட்டுச் சென்னை திரும்பினார்.

மீண்டும் கோட்டையில்

1952 பொதுத்தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 மட்டுமே வந்தன. மலபாரிலும் ஆந்திரத்திலும் எதிர்க்கட்சிகள் பலம் பெற்றிருந்தன. ஓய்வில் இருந்த ராஜாஜியை அழைத்தார்கள். தேர்தலில் நிற்காத அவரை கவர்னர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்ததும், அதன் வழியாக அவர் முதலமைச்சரானதும் ஜனநாயக முறைக்குப் பொருந்துமா என்ற கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது.

பதவியேற்ற சில வாரங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் பலர். பதுங்கியிருந்த தானியம் சந்தைக்கு வந்தது. அரசாங்கத்தின் கட்டுப்பாடு குறைந்தால் பற்றாக்குறையும் குறையும் என்ற அவருடைய பிற்கால அரசியலுக்கு இந்த வெற்றியே வித்து. அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் வெளியேற்றத்திலிருந்து காக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தார். நிலக்கிழார்களின் நண்பர் என்று அவரைச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு.

1953இல் வந்தது ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு. மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியர்களையும் கொண்டே இரண்டு முறைகளாக அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் பானை செய்யவும் திரும்பிப் போக வேண்டுமா என்று ஏழை வீடுகள் கேட்டன. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. திராவிட இயக்கத்தார் மட்டுமின்றிக் காங்கிரஸ்காரர்களே எதிர்த்தார்கள். சட்டசபையைக் கலந்து பேசாமல் அவசரமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது எதிர்ப்பை இன்னும் வளர்த்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலக, காமராஜ் முதலமைச்சரானார். திட்டம் கைவிடப்பட்டது. ராஜாஜியின் பொதுவாழ்வில் மிகப் பெரிய தோல்வி இதுவே. பள்ளிக்கூடம் என்பது குலத்தின் கட்டிலிருந்து வெளியேறும் வாசல் என்று ஏழைகள் கருதியதை அவர் உணரத் தவறினார்.

மொழிவாரி ராஜ்யமும் எல்லைத் தமிழரும்

மொழியின் பேரால் ராஜ்யங்களைப் பிரிப்பதை ராஜாஜி கடைசிவரை விரும்பவில்லை. பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர்த்தியாகத்துக்குப்பின் 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரம் பிரிந்தது. 1956இன் தொடக்கத்தில், தமிழ்நாடு, கேரளம், மைசூர் மூன்றையும் சேர்த்துத் தட்சிணப் பிரதேசம் அமைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது அவர் ஆதரித்தார். காமராஜ் ஏற்கவில்லை, பெரியாரும் எதிர்த்தார், யோசனை கரைந்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லைகள் வரையப்பட்டன. கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. மலபாரும் கேரளத்தில் சேர்ந்தது. 1957 ஜனவரி 1ஆம் தேதி உருவான பாலக்காடு ஜில்லாவில் சித்தூர் தாலுகா இணைந்தது. அன்றிலிருந்து பெருமாட்டித் தமிழரும் மூணாறு தோட்டத் தமிழரும் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர்.

தட்சிணப் பிரதேசம் அமைந்திருந்தால் இந்தச் சிறுபான்மை நிலை வந்திராது என்பது உண்மை. ஆனால் பல மொழிகள் கலந்த பெரிய ராஜ்யத்தில் தமிழுக்கோ மலையாளத்துக்கோ ஆட்சிமொழியாகும் வாய்ப்பு கிட்டியிருக்குமா என்பது எதிர்க்கேள்வி. தாய்மொழியில் ஆட்சி நடப்பதால் வரும் பலனை ராஜாஜி குறைத்து மதிப்பிட்டார். எல்லையோரச் சிறுபான்மையினர் என்ன ஆவார்கள் என்ற கேள்வியை மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். தமிழ்வழிப் பள்ளிக்கு ஆசிரியரையும், அரசாங்கப் படிவத்தைத் தமிழிலும் கேட்டு நிற்கும் குடும்பங்களுக்கு அந்தப் பழைய விவாதம் வெறும் சரித்திரம் அல்ல.

எண்பது வயதில் புதுக்கட்சி

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. விவசாயியின் நிலம் அவன் கையைவிட்டுப் போய்விடும் என்று ராஜாஜி எச்சரித்தார். ஜூன் மாதம் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச் செயலாளர். தொழில் தொடங்க லைசென்ஸ், பொருள் வாங்க பர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா என்று அரசாங்கம் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தால் லஞ்சமும் ஆளுங்கட்சியின் ஆதிக்கமும்தான் வளரும் என்பது அவருடைய முக்கிய வாதம்.

1962இல் 18 பேரையும், 1967இல் 44 பேரையும் அந்தக் கட்சி லோக்சபைக்கு அனுப்பியது. 1967இல் அதுவே மிகப் பெரிய எதிர்க்கட்சி. சமஸ்தான மன்னர்களும் முதலாளிகளும் நிறைந்த கட்சி என்ற விமர்சனம் கடைசிவரை அதைத் துரத்தியது. 1971இல் எட்டு இடங்களாகச் சுருங்கியது. 1974இல் கட்சி கலைந்து வேறொன்றில் கலந்தது.

1967இல் தமிழ்நாட்டில் யாரும் எதிர்பாராத கூட்டு உருவானது. தம்மை ஆண்டுக்கணக்கில் எதிர்த்த தி.மு.க.வுடன் ராஜாஜி கைகோத்தார். காங்கிரஸ் வீழ்ந்தது, அண்ணா முதலமைச்சரானார். நான்கு ஆண்டுகளில் அந்த உறவும் முறிந்தது. 1971 தேர்தலில் பழைய எதிரி காமராஜுடன் சேர்ந்து நின்று தோற்றார். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட இருந்தபோது, 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிச் சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். வேண்டுகோள் பலிக்கவில்லை. தென்னங்கள் இறக்குமிடமாகப் பேர்பெற்ற சித்தூர் தாலுகாவில் இந்தக் கதையைக் கேட்பவர்கள் இரண்டு விதமாக எண்ணக்கூடும். கள்ளை நம்பி வாழும் தொழிலாளி வீட்டையும், குடியால் அழிந்த வீட்டையும் அந்த மண் அறியும்.

1991க்குப்பின் நாடு லைசென்ஸ் முறையைத் தளர்த்தியபோது, ராஜாஜி முன்பே சொன்னார் என்று பலர் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பெருமாட்டி பஞ்சாயத்துக்கு வேறோர் அனுபவமும் உண்டு. 2000இல் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் வற்றுகிறது, கெடுகிறது என்று 2002இல் ஆதிவாசிகளும் விவசாயிகளும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை நின்றது. அரசாங்கத்திடமிருந்து விவசாயியைக் காக்க வேண்டும் என்றார் ராஜாஜி. பெரிய கம்பெனியிடமிருந்து அவனைக் காப்பது யார் என்ற கேள்விக்கு அவருடைய கட்சியில் தெளிவான விடை இல்லை. அங்கே அவனைக் காக்க முன்வந்தது ஊர்ப் பஞ்சாயத்து வழங்க மறுத்த ஓர் உரிமம்தான். இருந்தாலும் அதிகாரம் தலைநகரில் குவியாமல் கிராமத்தில் இருக்க வேண்டும் என்ற காந்திய எண்ணம் புதுப்பாளையம் ஆசிரமக் காலம்முதல் ராஜாஜிக்கும் உரியதே.

எழுத்தும் இறுதியும்

அரசியலில் பலர் அவரை மறுத்தாலும் எழுத்தில் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்தார். கல்கியில் வந்த வியாசர் விருந்து மகாபாரதத்தையும், சக்கரவர்த்தித் திருமகன் ராமாயணத்தையும் சிறுவர்கூடப் படிக்கும் தமிழில் தந்தன. பின்னதற்கு 1958இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. 1954இல் முதன்முதலாகப் பாரத ரத்னா பெற்ற மூவரில் ராஜாஜியும் ஒருவர். மற்ற இருவர் டாக்டர் ராதாகிருஷ்ணனும் சர் சி.வி. ராமனும். 1962இல், 83 வயதில் அமெரிக்கா சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் வாதாடினார்.

1972 டிசம்பர் 25ஆம் தேதி சென்னையில் ராஜாஜி காலமானார். வயது 94. தகனத்துக்கு வந்தவர்களில், வாழ்நாளெல்லாம் அவரோடு கொள்கைப் போர் நடத்திய பெரியாரும் இருந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி நண்பருக்காகக் கண்ணீர் விட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி பெரியாரும் மறைந்தார்.

ராஜாஜி சொன்னது எல்லாமே சரி என்று அவருடைய அன்பர்களும் கூறமாட்டார்கள். கல்வித் திட்டத்தில் தவறினார். கட்டாய ஹிந்தியில் தவறினார். உணவுக் கட்டுப்பாட்டிலும் லைசென்ஸ் ஆட்சியிலும் அவர் கண்டதைக் காலம் பெரும்பாலும் ஒப்புக்கொண்டது. கைதட்டல் கிடைக்கும் என்பதற்காக ஒரு கருத்தை அவர் ஏற்றதில்லை. கல்லடி விழும் என்பதற்காக ஒன்றை விட்டதுமில்லை. அவருடைய தவறுகளுக்கும் வெற்றிகளுக்கும் இந்த ஒரே குணமே காரணம். தொரப்பள்ளியில் அவர் பிறந்த எளிய ஓட்டு வீடு இன்று நினைவு இல்லமாக நிற்கிறது.